எளிது என்று முத்திரை குத்துவது எளிதா?

ஆகாய விமானத்தின் மின்னணு மூளைக்கு நற்சான்று கொடுக்கும் விதம்

2008-ம் ஆண்டு அக்டோபர் 7-ம் தேதி. சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு ஒரு குவாண்டாஸ் விமானம் போய்க்கொண்டிருந்தது. 303 பிரயாணிகள், 12 சிப்பந்திகள். உயரம் 37,000 அடி. நடுப்பகல் வேளை. பலர் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள்.

திடீரென்று விமானத்தின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்தது. பட்டை போடாதவர்கள் ஆசனத்திலிருந்து தூக்கி எறியப்பட்டுக் கூரையில் மோதி விழுந்தார்கள். விமானி சமாளித்து நிமிர்த்தினார். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபடியும் மூக்கு கவிழ்ந்தது. விமானியின் கை சொன்னதை விமானம் உடனே கேட்கவில்லை. கடைசியில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் லியர்மன்த் என்னும் சிறு விமான நிலையத்தில் பத்திரமாக இறக்கினார்கள். உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் 110 பிரயாணிகளும் 9 சிப்பந்திகளும் காயமடைந்தார்கள்.

காரணம் என்ன? புயலா? இல்லை. எஞ்சின் பழுதா? இல்லை. விமானியின் தவறா? அதுவும் இல்லை. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிறுவனம் மூன்று வருஷம் ஆராய்ந்து 2011-ல் அறிக்கை வெளியிட்டது. விமானத்தின் வேகம், உயரம், காற்றைச் சந்திக்கும் கோணம் ஆகியவற்றை அளந்து சொல்லும் பெட்டிகள் மூன்று அதில் இருந்தன. அவற்றில் ஒன்று, உயரத்தைக் குறிக்கும் எண்ணின் மீது, கோணத்துக்குரிய பெயர்ச்சீட்டை ஒட்டி அனுப்பிவிட்டிருக்கிறது!

மருந்துக் கடையில் புட்டி சரி, மருந்தும் சரி, சீட்டு மட்டும் மாறி ஒட்டப்பட்டால் என்ன ஆகும்? அதே கதிதான். அந்தப் பொய்க் கோணத்தைக் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் மெய்யென்று நம்பிற்று. "மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்துவிட்டது" என்று எண்ணி, விமானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து மூக்கைக் கீழே தள்ளிவிட்டது. தவறான எண்களைத் தள்ளிவிடுவதற்கு அதில் ஏற்பாடு இருந்தது. ஆனால் 1.2 விநாடி இடைவெளியில் இரண்டு பொய்கள் வந்தால் ஏமாந்துபோகும் என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வகைப் பெட்டிகள் அதற்குள் மொத்தம் 12 கோடியே 80 லட்சம் மணி நேரம் வேலை செய்திருந்தன. அத்தனை நேரத்தில் இந்தக் கோளாறு தெரிய வந்தது மூன்றே மூன்று தடவைதான். அதைத் தூண்டிவிட்டது எது என்பது கடைசி வரை நிச்சயமாகவில்லை.

இப்படிப்பட்ட பெட்டியை விமானத்தில் வைக்கலாம் என்று யார் சொல்கிறார்கள்? எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சிறுசேரியும் ஆகாயமும்

சென்னையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே போனால், நாவலூரைத் தாண்டியதும் சிறுசேரி வரும். செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். கிழக்கே முட்டுக்காட்டு உப்பங்கழி. அதற்கு அப்பால் கோவளத்துக் கடல். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த இந்த ஊர் இன்று சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவாக மாறி, காலையிலும் மாலையிலும் பஸ் பஸ்ஸாக இளைஞர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது.

இங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆகாயத்தோடு சம்பந்தப்பட்ட தொழிற்சாலை ஒன்று இருப்பது அவ்வளவாகத் தெரியாது. டேட்டா பேட்டர்ன்ஸ் என்பது அதன் பெயர். ராணுவத்துக்கும் விமானத்துக்கும் வேண்டிய மின்னணுச் சாதனங்களை வடிவமைப்பதிலிருந்து செய்து முடிப்பது வரையில் ஒரே இடத்தில் நடத்தும் நிறுவனம். 2021 டிசம்பரில் பங்கு வெளியிட்டபோது, தேஜஸ் போர் விமானம், இலகு ரக ஹெலிகாப்டர், பிரமோஸ் ஏவுகணை ஆகிய திட்டங்களுக்குச் சாதனங்கள் செய்து தருவதாக அது தெரிவித்தது.

தேஜஸ் தமிழ்நாட்டுக்கு அந்நியமான விமானம் அல்ல. 2020 மே 27-ம் தேதி, கோயமுத்தூருக்கு அடுத்த சூலூரில் விமானப் படையின் 18-வது ஸ்குவாட்ரன் தேஜஸ் விமானங்களுடன் பணி தொடங்கிற்று. செங்கற்பட்டுச் சீமையில் சால்டரிங் செய்த பலகைக்கும் கொங்கு நாட்டு ஆகாயத்துக்கும் இப்படியொரு தொடர்பு!

அதே சிப்காட் பூங்காவுக்குள் இன்னொரு ஸ்தாபனமும் இருக்கிறது. சென்னைக் கணிதவியல் நிறுவனம். காஞ்சீபுரத்தில் பிறந்த கணித மேதை சி. எஸ். சேஷாத்ரி 1989-ல் தொடங்கியது. 2005-ல் சிறுசேரிக்குக் குடிபெயர்ந்தது. பலகை செய்யும் இடத்துக்கும் கணக்குப் போடும் இடத்துக்கும் என்ன உறவு என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். உறவு இருக்கிறது.

கம்பி போய்க் கணக்கு வந்தது

முன்காலத்து விமானத்தில் விமானி பிடியை இழுத்தால், அதனோடு கட்டிய எஃகுக் கம்பி வால் வரையில் ஓடி அங்குள்ள பலகையைத் திருப்பும். கிணற்று ராட்டினம் போல. கம்பி தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், மாற்றிவிடலாம்.

இன்றைய விமானத்தில் விமானியின் கை அசைவு முதலில் மின்சாரச் சமிக்ஞையாக மாறுகிறது. கம்ப்யூட்டர் அதை வாங்கி யோசித்து, பிறகுதான் இறக்கைக்கும் வாலுக்கும் கட்டளை அனுப்புகிறது. தேஜஸில் இது இன்னும் முக்கியம். சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காக அந்த விமானத்தைத் தானாக நிலைத்து நிற்காத விதத்தில் வேண்டுமென்றே வடிவமைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு கணமும் திருத்திக்கொண்டே இருந்தால்தான் அது பறக்கும். அதனால் கட்டுப்பாட்டுக் கணக்கை நான்கு தடங்களில் தனித்தனியே நடத்துகிறார்கள். ஒன்று கெட்டால் மற்றவை காப்பாற்றும்.

ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. நான்கு மணிக்கூண்டுகள் இருந்தால், ஒன்று பழுதானாலும் மற்ற மூன்றைப் பார்த்து மணி சொல்லலாம். நான்கையும் செய்த ஆசாமி பல்சக்கரத்தின் கணக்கையே தவறாகப் போட்டிருந்தால்? நான்கும் ஒரே மாதிரி தப்பாக மணி காட்டும். ஒற்றுமையாகப் பொய் சொல்லும்! தேய்மானத்தினால் வரும் கோளாறுக்கு மாற்றுப் பெட்டி மருந்து. வடிவமைப்பிலேயே இருக்கும் தவறுக்கு அந்த மருந்து பலிக்காது. அந்தத் தவறு விமானம் ஏறுவதற்கு முன்பே பிடிபட்டாக வேண்டும்.

எது எளிது? எது சிக்கல்?

விமானத்துக்குப் போகும் மின்னணுச் சாதனங்களை இரண்டே ஜாதியாகப் பிரிக்கிறார்கள். ஒன்று எளியது, மற்றொன்று சிக்கலானது.

உருவத்தைப் பார்த்தோ, விலையைப் பார்த்தோ இப்படிப் பிரிப்பதில்லை. "இந்தச் சாதனத்துக்கு நேரக்கூடிய எல்லா நிலைமைகளையும் சோதனையாலும் ஆராய்ச்சியாலும் முழுக்கப் பார்த்துவிட முடியுமா? பார்த்து, இது ஒருநாளும் எதிர்பாராத காரியம் செய்யாது என்று உறுதி சொல்ல முடியுமா?" என்பதே கேள்வி. முடியும் என்றால் எளியது. முடியாது என்றால், நகக்கண் அளவே இருந்தாலும் சிக்கலானது.

ஓர் உதாரணம். விமானத்தின் மூன்று சக்கரங்களும் இறங்கிவிட்டன என்று பச்சை விளக்குக் காட்ட வேண்டும். சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று சுவிட்சுகள், விமானியின் நெம்புகோலுக்கு ஒன்று, ஆக நான்கு. ஒவ்வொன்றும் போட்டிருக்கலாம் அல்லது அணைந்திருக்கலாம். மொத்தம் 16 நிலைகள். ஒரு தாளில் 16 வரி எழுதி ஒவ்வொன்றாகச் சோதித்தால் காரியம் முடிந்தது. இது எளியது.

பத்து சுவிட்சுகள் என்றால் 1,024 நிலைகள். இருபது என்றால் பத்து லட்சத்துக்கு மேல். அறுபத்து நான்கு என்றால்? சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய், ராஜாவின் களஞ்சியத்தையே காலி செய்த கதை உங்களுக்குத் தெரியும். அதே கணக்குதான் இங்கும் வருகிறது. 1,84,46,74,40,73,70,95,51,616 நிலைகள்!

இது என்ன, எங்கோ உள்ள அபூர்வமான யந்திரமா? இல்லை. 32 இலக்கம் கொண்ட இரண்டு இரும எண்களைக் கூட்டுகிற சாதாரணச் சுற்றுக்கே இத்தனை நிலைகள் உண்டு. விநாடிக்கு 100 கோடி சோதனை வீதம் இரவு பகலாக நடத்தினாலும் முடிவதற்கு 584 வருஷங்கள் பிடிக்கும். வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டில் வந்து இறங்குவதற்கு அரை நூற்றாண்டு முன்பே தொடங்கியிருந்தால், ஏறக்குறைய இப்போதுதான் முடிந்திருக்கும்!

அதோடு போயிற்றா? சிப்புக்கு ஞாபகம் வேறு இருக்கிறது. இப்போது வந்த கட்டளைக்கு அது தரும் பதில், முன்பு என்னென்ன வந்தன, எந்த வரிசையில் வந்தன என்பதையும் பொறுத்தது. வரிசைகளையும் சேர்த்தால் கணக்கு எங்கோ போய்விடும்.

சோதனையில் தேறிய பொய்

சோதனைகளில் தேறிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதை 1994-ல் உலகமே பார்த்தது.

இன்டெல் கம்பெனியின் பென்டியம் சிப் அப்போது வீடுகளுக்கெல்லாம் வந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் வர்ஜீனியாவிலிருந்த கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பகா எண்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக வகுத்தல் கணக்குகள் போட்டுக்கொண்டிருந்தார். விடை ஒத்துவரவில்லை. தம்முடைய தவறா என்று பல மாதம் சோதித்துப் பார்த்தார். கடைசியில் தவறு சிப்பில் என்று தெரிந்தது.

41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் விடை 1.33382 என்று தொடங்க வேண்டும். பென்டியம் 1.33374 என்றது. நான்காம் புள்ளிதானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. வகுத்தலுக்காகச் சிப்புக்குள் பதித்திருந்த அட்டவணையில் 1,066 எண்கள் இருக்க வேண்டும். ஐந்து விடுபட்டுப் போயிருந்தன. சிப் வெளிவரும் முன் நடந்த சோதனைகளில் ஒன்றும் அந்த ஐந்தைத் தொடவில்லை.

சராசரி ஆசாமிக்கு இந்தத் தவறு 27,000 வருஷத்துக்கு ஒரு முறைதான் நேரும் என்று இன்டெல் முதலில் சமாதானம் சொன்னது. ஜனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்டவருக்கெல்லாம் சிப்பை மாற்றிக் கொடுப்பதாக அறிவிக்க நேர்ந்தது. 47 கோடியே 50 லட்சம் டாலர் கணக்கில் அடிபட்டது.

மேஜை மேல் உள்ள கம்ப்யூட்டரை மாற்றிக் கொடுக்கலாம். 37,000 அடி உயரத்தில் மாற்றிக் கொடுக்க முடியுமா?

பக்கத்து வழியை அடைத்தார்கள்

விமானங்களில் கம்ப்யூட்டர் புரோகிராம்களைச் சோதிக்க 1982 முதலே ஒரு வழிகாட்டி நூல் உண்டு. டி.ஓ. 178 என்பது அதன் பெயர். ஒவ்வொரு வரியையும் ஏன் எழுதினாய், எப்படிச் சோதித்தாய் என்று கேட்கும் கண்டிப்பான வாத்தியார் அது.

இதற்கிடையில் எஃப்.பி.ஜி.ஏ. போன்ற புதுவிதச் சிப்புகள் வந்தன. கடையில் வாங்கும்போது அது எழுதாத சிலேட்டுப் பலகை. வாங்கியவர் தமக்கு வேண்டிய சுற்றை அதில் எழுதிக்கொள்ளலாம். புரோகிராம் செய்கிற வேலையையெல்லாம் இதனுள் போட்டுவிடலாம். "இது புரோகிராம் இல்லை, சாமான், ஆகவே அந்த நூல் இதற்குப் பொருந்தாது" என்று வாதிடவும் வழி பிறந்தது. நெடுஞ்சாலையில் செக்போஸ்ட் இருக்கிறதென்று லாரிகள் ஏரிக்கரை மேல் திரும்புவது போல!

அந்தக் கரைமேல் வைத்த செக்போஸ்டுதான் டி.ஓ. 254. அமெரிக்காவில் ஆர்.டி.சி.ஏ. என்ற அமைப்பு 2000-ம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட நூல். ஐரோப்பாவில் இதற்கு ஈ.டி. 80 என்று பெயர். 2005-ல் அமெரிக்க விமான நிர்வாகம் இதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. குவாண்டாஸ் விமானத்தில் கோளாறு செய்த பெட்டி, இந்த நூல் பிறப்பதற்கு முந்திய வடிவமைப்பு.

ஐந்து படிகள்

எல்லாச் சாதனத்துக்கும் ஒரே கண்டிப்பு இல்லை. கெட்டுப்போனால் என்ன விளையும் என்பதைப் பார்த்து ஐந்து படிகள் வகுத்திருக்கிறார்கள்.

கெட்டால் விமானமே அழியக்கூடும் என்றால் 'ஏ'. உயிருக்குக் கடும் ஆபத்து என்றால் 'பி'. விமானிகளுக்குப் பெரும் சுமை, பிரயாணிகளுக்கு இன்னல் என்றால் 'சி'. சிறு தொந்தரவு என்றால் 'டி'. பத்திரத்துக்குப் பாதகமே இல்லை என்றால் 'ஈ'. பறக்கும் திசையை ஆளும் கம்ப்யூட்டர் முதல் படியில் நிற்கும். சினிமா காட்டும் திரை பெரும்பாலும் கடைசிப் படிக்குப் போகும்.

விமானமே அழியும்படியான கோளாறு எவ்வளவு அரிதாக இருக்க வேண்டும் தெரியுமா? 100 கோடி மணி நேரப் பறப்பில் ஒன்றுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஒரே விமானம் இறங்காமல் பறந்தால் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் வருஷம்! தேய்ந்து கெடும் உறுப்புகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மனிதனுடைய யோசனையில் உள்ள தவறுக்கு எந்த விகிதக் கணக்கும் கிடையாது. அங்கேதான் வேறொரு உபாயம் தேவைப்படுகிறது.

முடிவைப் பார்க்க முடியாவிட்டால் முறையைப் பார்!

வீட்டுக்குத் தளம் போட்ட பிறகு உள்ளே எத்தனை கம்பி இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. ஆகவே கெட்டிக்காரர் என்ன செய்கிறார்? கம்பி கட்டும்போதே நின்று எண்ணுகிறார், கலவையைப் பார்க்கிறார், எத்தனை நாள் தண்ணீர் நிறுத்தினார்கள் என்று குறித்துக்கொள்கிறார். தளத்தின் மேலுள்ள நம்பிக்கை அது செய்யப்பட்ட முறையிலிருந்து பிறக்கிறது.

டி.ஓ. 254-இன் சாரமும் இதுதான். முழுக்கச் சோதிக்க முடியாத சிப்பை, அதைச் செய்த முறையைக் கொண்டே நம்ப வேண்டும்.

முதலில் திட்டம். என்ன செய்யப் போகிறோம், எந்தப் படி, எப்படி நிரூபிப்போம் என்பதை எழுதி, சான்று தரும் அதிகாரியிடம் வேலை தொடங்கும் முன்பே சம்மதம் வாங்க வேண்டும். மாமல்லபுரத்து ஐந்து ரதங்களை ஒரே பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள். சிகரத்தில் தவறினால் ஒட்டுப் போட முடியாது. உளி படுமுன்பே அடிவரை யோசித்தாக வேண்டும். சிப்பும் அப்படித்தான்.

அடுத்தது தேவைப் பட்டியல். "விரைவாகப் பதில் தர வேண்டும்" என்று எழுதினால் செல்லாது. எத்தனை மில்லி விநாடிக்குள் என்று எழுத வேண்டும். ஒவ்வொரு தேவைக்கும் ஓர் எண். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால், அதை நிறைவேற்றும் வடிவமைப்பும், அதைச் சோதித்த சோதனையும், கிடைத்த விடையும் வரிசையாகக் கிடைக்க வேண்டும். திரும்பி வந்தாலும் வழி தெரிய வேண்டும். தேவையே இல்லாமல் சுற்றில் ஒரு துண்டு உட்கார்ந்திருந்தால், அது ஏன் அங்கே வந்தது என்ற கேள்வி எழும்.

மூன்றாவது, வேறு கண். முதல் இரண்டு படிகளிலுள்ள சாதனத்தை வடிவமைத்தவரே சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட முடியாது. இன்னொருவர் பார்க்க வேண்டும். தன் பிள்ளையின் குறை தாய்க்குத் தெரியாது என்பது தொழிற்சாலைக்கும் பொருந்தும்.

நான்காவது, மாற்றத்தின் கணக்கு. ஒரு சிறு திருத்தம் செய்தாலும், யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்ற குறிப்பு இருக்க வேண்டும். அந்தத் திருத்தம் வேறு எதைத் தொடுகிறது என்று பார்த்து, மறு சோதனை நடத்த வேண்டும்.

இத்துடன் முதல் இரண்டு படிகளுக்கு விசேஷப் பரீட்சைகளும் உண்டு. அவற்றில் ஒன்று கணித நிரூபணம். முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்கிறோம். உலகத்திலுள்ள முக்கோணங்களையெல்லாம் அளந்து பார்த்தா சொல்கிறோம்? இல்லை, ஒரு தடவை நிரூபித்தோம், எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. அதே போல, "இந்தச் சுற்று எந்நாளும் இன்ன தவறான நிலைக்குப் போகாது" என்று தர்க்கத்தால் நிரூபிக்கும் வித்தை வளர்ந்திருக்கிறது. 584 வருஷச் சோதனை செய்ய முடியாததை நல்லதொரு நிரூபணம் செய்துவிடும். பென்டியம் சம்பவத்துக்குப் பிறகு சிப் உலகம் இந்தப் பக்கம் வேகமாகத் திரும்பிற்று.

சிறுசேரிக் கணித நிறுவனத்தில் தர்க்கமும், யந்திரங்களின் நடத்தையைச் சரிபார்க்கும் கணிதமும் முக்கியமான ஆராய்ச்சித் துறைகள். முன்னே சொன்ன உறவு இதுதான். பலகை செய்கிறவருக்கும் நிரூபணம் செய்கிறவருக்கும் இடையே சிறுசேரியில் சில தெருக்களே தூரம்.

உப்பும் சூரியனும்

மூளை சரியாக இருந்தால் மட்டும் போதுமா? உடம்பும் தாங்க வேண்டும். இதற்கு டி.ஓ. 160 என்று தனி நூல். சாதனத்தைச் சுட வைக்கிறார்கள், உறைய வைக்கிறார்கள், குலுக்குகிறார்கள், இடி மின்னலுக்கு ஈடான மின்சாரத்தைப் பாய்ச்சுகிறார்கள். உப்பு மூட்டத்துக்குள்ளும் வைத்துப் பார்க்கிறார்கள். கோவளத்துக் கடற்காற்றில் சன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆகாயத்தில் இன்னொரு விரோதியும் உண்டு. 2025 அக்டோபர் 30-ம் தேதி, மெக்ஸிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஜெட்புளூ விமானம் தானாகவே மூக்கைத் தாழ்த்திச் சரிந்தது. சிலர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. சூரியனிலிருந்து வரும் கடுமையான கதிர்வீச்சு, விமானத்தை ஆளும் கம்ப்யூட்டரின் தகவலைக் கெடுத்துவிடக்கூடும் என்று நவம்பர் 28-ம் தேதி ஏர்பஸ் கம்பெனி அறிவித்தது. உலகமெங்கும் ஏறக்குறைய 6,000 விமானங்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. இந்தியாவில் மட்டும் முந்நூற்றுக்கு மேல். பெரும்பாலானவற்றில் புரோகிராமை மாற்றினால் போதுமாயிருந்தது. சிலவற்றில் கம்ப்யூட்டர் பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார்கள். ஒரு சிப்புக்குள் புள்ளியளவு மின்சாரம் இடம் மாறினால், சென்னை மீனம்பாக்கத்தில் பிரயாணி காத்துக் கிடக்க நேரிடும் என்பதை அந்த இரண்டு மூன்று நாட்கள் காட்டின.

நம் நாட்டில் யார்?

இந்தியாவில் பிரயாணி விமானங்களுக்குச் சான்று தருவது சிவில் விமானத் துறையின் டைரக்டரேட். ராணுவ விமானங்களுக்கு பெங்களூரிலுள்ள செமிலாக் நிறுவனம் தகுதிச் சான்று தருகிறது. தயாரிப்பின் தரத்தைப் பார்ப்பதற்கு டி.ஜி.ஏ.க்யூ.ஏ. என்ற இலாகா. 2002-ல் வந்த விதித் தொகுப்புக்குப் பதிலாக 2021-ல் ராணுவத்துக்குப் புதிய தகுதி விதிகள் வந்திருக்கின்றன. தேஜஸ் செமிலாக்கின் பரீட்சையில் தேறி வந்த விமானம்.

முறையாக எழுதி வைப்பதன் அருமையை நம்மவர்கள் கஷ்டப்பட்டே கற்றுக்கொண்டார்கள். 1998-ல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனை நடந்ததும் அமெரிக்கா தடை விதித்தது. தேஜஸின் கட்டுப்பாட்டு முறைக்காக அங்கே லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனியுடன் சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்த நம் எஞ்சினீயர்கள் வீடு திரும்ப வேண்டியதாயிற்று. மிச்ச வேலையை பெங்களூரில் தாங்களே செய்து முடித்தார்கள். 2001 ஜனவரி 4-ம் தேதி விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் அந்த விமானத்தை முதன்முதலாக மேலே கொண்டு போனார். தானாக நிற்காத விமானம். தங்கள் கணக்கு ஒன்றையே நம்பி அவரை ஏற்றிவிட்ட எஞ்சினீயர்களுக்கு அந்தச் சில நிமிஷங்கள் எப்படி இருந்திருக்கும்!

ஒரு சொல்லின் விலை

இனி விஷயத்தின் முடிச்சுக்கு வருவோம். ஒரு சாதனத்துக்கு 'எளியது' என்று பெயர் வைத்துவிட்டால் காகித வேலை பெருமளவு குறையும், மாதங்கள் மிஞ்சும், பணமும் மிஞ்சும். 'சிக்கலானது' என்று ஒப்புக்கொண்டால் திட்டம், பட்டியல், வேறு கண், தணிக்கை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஆகவே கம்பெனிக்கு முதல் சொல்லின் மேல் ஆசை வருவது இயற்கை.

இந்த ஆசைக்குக் கடிவாளம் போடுவதற்காகவே ஐரோப்பா 2020-லும் அமெரிக்கா 2022-லும் ஒத்த கருத்துடன் புதிய வழிகாட்டிகளை வெளியிட்டன. எளியது என்று வெறுமனே சொன்னால் போதாது; ஏன் எளியது என்று காரணம் காட்ட வேண்டும். எத்தனை வேலை செய்கிறது? அவை ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றனவா? வெளியுலகோடு எத்தனை வாசல்? இத்தனைக்கும் பதில் வேண்டும். கடையில் ஆயத்தமாக வாங்கும் சிப்புகளையும், பிறர் எழுதி விற்கும் சுற்றுத் துண்டுகளையும்கூடக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கக் கூடாது என்று அவை சொல்லுகின்றன.

இதெல்லாம் வீண் காகிதம் என்று சலித்துக்கொள்ளும் இளைஞர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. காகிதம் விமானத்தை ஓட்டாது. யோசிக்காமல் நிரப்பிய படிவம் யாரையும் காப்பாற்றாது. ஆனால் யோசித்து எழுதிய ஒரு வரி, பத்து வருஷம் கழித்து, எழுதியவர் வேறு வேலைக்குப் போன பிறகும், "இதை ஏன் இப்படிச் செய்தார்கள்?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும். 12 கோடி மணி நேரத்துக்கு ஒளிந்திருக்கக்கூடிய தவறைத் தேடுகிறவனுக்கு அந்த வரியைத் தவிர வேறு விளக்கு இல்லை.

நம் ஊரில் செய்யும் சாதனங்கள் நம் ராணுவத்தோடு நில்லாமல் உலகத்துப் பிரயாணி விமானங்களிலும் ஏற வேண்டுமென்று ஆசைப்படுகிறோம். ஆசை நியாயமானதே. சால்டரிங் செய்யும் கைத்திறன் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. கணக்கும் இருக்கிறது. அவை இரண்டோடும் சேர வேண்டியது மூன்றாவது ஒரு குணம். தனக்கு முழுக்கத் தெரியாததை 'எளிது' என்று எழுத மறுக்கும் நாணயம். சிறுசேரியில் ஏதோ ஒரு மேஜையில் அந்தச் சொல்லுக்கு எதிரே கையெழுத்துப் போடப் போகும் எஞ்சினீயரை, விமானத்தில் ஏறுகிறவர்கள் ஒருநாளும் சந்திக்கப் போவதில்லை. இடுப்புப் பட்டையைப் போல, அவருடைய பேனாவும் அவர்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.